கண்டுபிடிக்கப்பட்ட புல்வெளி

எங்கள் கிவுலி குடியிருப்பின் நடுவில் ஒரு புல்வெளி இருக்கிறது என்பது நைரோபி நகருக்கு வெகுகாலம் தெரியாது. தெரியாததால் நகருக்கு நஷ்டமில்லை, எங்களுக்கும் நஷ்டமில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளிகளுக்கென்று கட்டிய அரசு வீடுகள் எங்களுடையவை. ஒற்றை அறை, ஓட்டுக் கூரை, வரிசைக்கு ஒரு பொதுக் குழாய். நான்கு வரிசைகளும் வெளியுலகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றையொன்று பார்த்து நிற்கும். குளியலறைக் கட்டடத்துக்கும் கடைசி வீட்டுக்கும் இடையே உள்ள சந்தில் ஒருக்களித்து நுழைந்தால் நடுவில் புல், புல்லின் நடுவில் ஒரு பெரிய அத்திமரம். அங்கே துணி காயும். பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். மரத்தடியில் நாற்காலி போட்டு பெரிஸ் பெண்களுக்குத் தலை பின்னிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று சபைகள் ஒரே நேரத்தில் ஜெபம் செய்யும். எந்தச் சபையின் குரல் கர்த்தருக்குக் கேட்டது என்பது அடுத்த வாரம்தான் தெரியும். யாராவது இறந்துபோனால் உடலைச் சொந்த ஊருக்கு எப்படி அனுப்புவது என்று பேசக் கூடுவதும் அங்கேதான்.

அந்த மரத்தடியில் பகலில் தூங்குகிறவர் கிடேமா. அவர் தொழிற்பேட்டையில் ஒரு தீவனக் கிடங்குக்கு இரவுக் காவலாளி. பகலில் வீட்டில் தூங்கலாமென்றால் மனைவி மும்புவா அதே ஒற்றை அறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். மிஷின் ஓடினால் கட்டிலும் ஆடும். அதனால் காலையில் வந்ததும் உகாலிக் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, பழைய கோட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, அத்திமர நிழலில் படுத்துவிடுவார். நிழல் நகர நகர அவரும் தூக்கத்திலேயே நகருவார். யாருக்கும் தொந்தரவில்லாத மனிதர்.

ஒருநாள் முற்பகலில் அவரை யாரோ குடையால் தட்டினார்கள். பசுமைவெளிகள் கண்டறிதல் இயக்ககத்தின் உதவி இயக்குநர் ஒகும்பே. அப்படியொரு இயக்ககம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் இருப்பது அதற்கும் தெரியாது. சந்தில் நுழையத் தெரியாமல் குளியலறைக்குள் புகுந்து, உள்ளே இருந்தவர்களிடம் திட்டு வாங்கி, ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தார்.

கிடேமா துள்ளி எழுந்து, காவலாளிகளின் வழக்கப்படி, "நான் தூங்கலை சார்" என்றார்.

"அது இருக்கட்டும். இந்த இடத்தை நீங்க பயன்படுத்துறீங்களா?"

"ஆமா சார்."

"எப்பலேர்ந்து?"

"சாப்பிட்டதுலேர்ந்து சார்."

ஒகும்பே அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பெரிஸிடம் போனார். அவள் ஒருத்தியின் தலையில் பாதிப் பின்னலில் இருந்தாள்.

"நீங்க இந்தப் புல்வெளியைப் பயன்படுத்துறீங்களாம்மா?"

அரசாங்கத்தில் இருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் அதற்கு ஒரு வரி வரும் என்பது பெரிஸுக்குத் தெரியும். "ஐயோ இல்ல சார். நான் சும்மா நிக்கறேன்."

"கையில சீப்பு இருக்கே."

"அது எப்பவும் இருக்கும் சார்."

மும்புவா கொடியில் தொங்கிய துணி தன்னுடையது இல்லை, காற்றில் வந்து மாட்டிக்கொண்டிருக்கும் என்றாள். பந்து வைத்திருந்த பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு ஓடினார்கள். ஜெபக்கூட்டக்காரர்கள் தாங்கள் ஜெபம் செய்வதே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். இப்படியாக அந்த மத்தியானத்துக்குள், கிவுலி புல்வெளியைப் பயன்படுத்துகிற ஒரே மனிதர் கிடேமா என்று அதிகாரபூர்வமாக முடிவாயிற்று.

"நீங்கதான் பயனாளர்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் ஒகும்பே. "பாதிப் பேர் ஒரு இடத்தை அனுபவிச்சுக்கிட்டே அனுபவிக்கலைன்னு சொல்றாங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் எங்க இயக்ககமே இருக்கு."

கிடேமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அடி விழவில்லை என்பதால் நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு பலகை வந்தது. 'இப்பசுமைவெளி கண்டுபிடிக்கப்பட்டுள்ளது' என்று அதில் எழுதியிருந்தது. அதற்கடுத்து, கண்டுபிடிக்கப்பட்டதைக் காப்பாற்ற வேண்டுமென்று சுற்றிலும் கம்பிவேலி வந்தது. வேலி வந்தால் வாசல் வேண்டும். வாசல் வந்தால் பூட்டு. பூட்டு வந்தால் ஒரு காவலாளி. காவலாளியின் பெயர் சைலஸ். மேற்கே ஏதோ மலையோரத்து ஊரில் இருந்து வேலைக்கு வந்த ஒல்லியான ஆள். சீருடைச் சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடமிருந்தது.

துணிக்கொடிகள் அவிழ்க்கப்பட்டன, ஈரத்துணி பசுமையை மறைக்கிறதாம். பெரிஸின் நாற்காலி வெளியேற்றப்பட்டது, அது வணிகமாம். பிள்ளைகளின் பந்து தடைசெய்யப்பட்டது. ஓடியாடும் மகிழ்ச்சிக்கும் அமைதியான மகிழ்ச்சிக்கும் தனித்தனி இடம் வேண்டும், இங்கே இருப்பது ஒரே இடம் என்பதால் அமைதியானதற்கே முன்னுரிமை. ஜெபக்கூட்டங்கள் குழாயடிக்குப் போயின. தண்ணீர் பிடிக்கிறவர்களும் ஜெபிக்கிறவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

உள்ளே போகக்கூடியவர் கிடேமா ஒருவர்தான். அவருக்கு முதுகில் 'பயனாளர்' என்று எழுதிய ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்தார்கள். வேலி போட்டதற்கு நியாயம் வேண்டுமானால் உள்ளே ஒருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே வேலைநாட்களில் பகல் முழுதும் அவர் உள்ளே இருப்பது கட்டாயம்.

இதுவரை கிடேமாவுக்கு ஆட்சேபம் இல்லை. அவ்வளவு பெரிய இடத்தில் தனியாகத் தூங்கலாமே என்றுதான் நினைத்தார். முதல் நாளே சைலஸ் வந்து தோளைத் தொட்டார்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. தூங்கக்கூடாதாம்."

"ஏன்யா? நான்தானே பயனாளர்?"

"தூங்கறவன் அனுபவிக்கறானா இல்லையான்னு வெளியிலேர்ந்து தெரியாதாம். நடக்கலாம், மரத்தைப் பாக்கலாம், மூச்சு விடலாம்னு உதவி இயக்குநர் சொன்னார்."

"நான் ராத்திரி பூரா முழிச்சிருக்கேன்யா. நானும் உன்னை மாதிரி காவக்காரன்தான்."

"தெரியுது அண்ணே. அதான் மெதுவாத் தொட்டேன். தடியால தட்டச் சொல்லியிருக்காரு."

கிடேமா எழுந்து மரத்தைப் பார்த்தார். மூச்சு விட்டார். வேலிக்கு வெளியே குடியிருப்பு மொத்தமும் வாசற்படிகளில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. மும்புவா துணியை அறைக்குள்ளேயே கட்டிக் காயப்போட்டதால் மிஷின் மீது தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"நல்லா நட, மூமோ அப்பா" என்றாள் பெரிஸ், வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து. மூமோ அவருடைய மூத்த பெண். "உனக்காகத்தான் கம்பி வாங்கியிருக்காங்க. கோழிக்குக்கூட இவ்வளவு நல்ல கம்பி யாரும் வாங்கல."

"நான் கேட்டேனா?"

"ஆமான்னு சொன்னியே. யாரு உன்னை ஆமான்னு சொல்லச் சொன்னது?"

கிடேமா இன்னொரு சுற்று நடந்தார். அன்று இரவு கிடங்கு வாசலில் நின்றபடியே தூங்கிவிட்டார். மேலாளர் தன் காரில் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை இப்படிப் பாத்தேன்னா வேற ஆள் வச்சுக்குவேன்" என்றார். கிடேமா வழக்கப்படி, தான் தூங்கவில்லை என்று சொன்னார். மேலாளர், குறட்டையும் விடவில்லையா என்று கேட்டார்.

சில வாரங்களில் இயக்ககத்துக்கு ஒரு கவலை பிறந்தது. கண்டுபிடித்த பிறகு அந்தப் புல்வெளியில் ஆள்நடமாட்டம் குறைந்துவிட்டதாம். காரணம் ஆராய நகரின் நடுவே உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் கலந்தாய்வுக் கூட்டம் நடந்தது. புல்வெளியிலேயே நடத்தலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, அங்கே உட்காரத் தடை இருக்கிறது என்று ஒகும்பே நினைவூட்டினார். பொதுமக்கள் தரப்பில் கிடேமா ஆரஞ்சுச் சட்டையோடு உட்காரவைக்கப்பட்டார். குளிரூட்டிய அறை, மெத்தை நாற்காலி. கண்ணைத் திறந்து வைத்திருக்க அவர் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

ஒகும்பே எழுந்து பேசினார். "நண்பர்களே, குறை எங்க இருக்குன்னு நாங்க ஆராய்ஞ்சு பாத்தோம். எங்ககிட்ட இல்ல. புல்கிட்டயும் இல்ல. அந்த இடம் மறைஞ்சு கிடக்கு. சாலையில போற ஒருத்தருக்கு உள்ளே பசுமை இருக்குன்னு எப்படித் தெரியும்? நானே கண்டுபிடிக்க அவ்வளவு கஷ்டப்பட்டேன். குளியலறைச் சம்பவத்தை நான் இங்க சொல்ல விரும்பல. ஆக, மறைக்கிறதை எடுத்துட்டா மறைவு போயிடும். சாலைப் பக்கத்து வீட்டு வரிசை அகற்றப்படணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். கிடேமாவும் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் என்ன சொன்னார்கள் என்று அவருக்கு உறைத்தது. கையைத் தூக்கினார்.

"சார், அந்த வரிசையில ஆளுங்க குடியிருக்காங்க. பெரிஸ் இருக்கா. அவ அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க."

"நல்ல கேள்வி" என்றார் ஒகும்பே. "அவங்க எல்லாருமே பயனாளரா விண்ணப்பிக்கலாம். எந்தத் தடையும் இல்ல."

"அவங்க எங்க இருப்பாங்க சார்?"

"அது வீட்டுவசதிக்காரங்க விஷயம். நாங்க பசுமை."

பிறகு கோழிக்கறி பரிமாறினார்கள். கிடேமாவால் சாப்பிட முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அவருடைய துண்டையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் பயனுள்ளதாக இருந்தது என்றார்.

செய்தி கிவுலிக்கு அவருக்கு முன்பே வந்துவிட்டது. அன்றைக்கு அவரிடம் யாரும் பேசவில்லை. பெரிஸ்கூடக் கிண்டல் செய்யவில்லை; தன் வாசலில் உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று கிடேமாவுக்கு இருந்தது.

"நீ அங்க ஒண்ணும் பேசலையா?" என்று கேட்டாள் மும்புவா.

"பேசினேன். நல்ல கேள்வின்னு சொன்னாங்க."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு, "கொஞ்ச நேரம் படு" என்றாள். அன்று அதற்குமேல் மிஷின் ஓடவில்லை. ஆனாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

புல்வெளியை முறைப்படித் திறந்துவைக்கவும், அதே மேடையில் வீட்டு வரிசையை இடிக்கும் திட்டத்தை அறிவிக்கவும் மாண்புமிகு நலியான்யா வருவதாக ஏற்பாடாயிற்று. பசுமை, விளையாட்டு, மயானங்கள் ஆகிய மூன்றுக்கும் அவர்தான் பொறுப்பு. புல்வெளியில் பந்தல் போட்டார்கள். பந்தல் கால்களுக்குக் குழி தோண்டியதில் புல் பாதி போயிற்று. நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று மகிழ வேண்டும் என்று சொல்லப்பட்டது.

இடம் மறைவானது என்பதால் வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும். விடிந்ததும் வேலையில் இருந்து திரும்பிய கிடேமாவை ஒகும்பே குடியிருப்பின் முனையிலேயே மறித்தார்.

"சட்டையைப் போட்டுக்கிட்டு ரவுண்டானாவுல போய் நில்லுங்க. மாண்புமிகு கார் வந்ததும் கையைக் காட்டி உள்ளே கூட்டிட்டு வாங்க."

"சார், ராத்திரி பூரா..."

"நாட்டுக்காக ஒரு மணி நேரம் நிக்க மாட்டீங்களா?"

ரவுண்டானா குடியிருப்புக்கு வெளியே, நான்கு சாலைகள் கூடுமிடத்தில் இருந்தது. நடுவே கொஞ்சம் மண், அதில் புல் என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று, ஒரு கற்றாழை, யாரோ விட்டுப்போன லாரி டயர். சுற்றிலும் மட்டாட்டு வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. கிடேமா நின்றார். ஒரு மணி நேரம் என்றது வெயில் ஏறியும் முடியவில்லை. மாண்புமிகுவின் கார் வரவில்லை. டயரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்தார். ஆரஞ்சுச் சட்டையின் முதுகு வானத்தைப் பார்க்கக் குப்புறப் படுத்து, இத்தனை வாரங்களில் தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கிப்போனார்.

நலியான்யாவின் கார்களும், கல்வெட்டை ஏற்றிய லாரியும், போலீஸ் வண்டியும் வந்தபோது கையைக் காட்ட ஆளில்லை. கார்கள் ரவுண்டானாவைச் சுற்றின. மறுபடியும் சுற்றின. மட்டாட்டுகள் பின்னால் தேங்கி நின்று கூச்சலிட்டன. அப்போதுதான் மாண்புமிகு, நட்டநடுவில் 'பயனாளர்' என்று முதுகில் எழுதிய ஒருவர் ஆனந்தமாகப் படுத்திருப்பதைப் பார்த்தார்.

"இதோ, நிறுத்து" என்றார்.

கிடேமா கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் பளபளக்கும் ஷூக்கள். "நான் தூங்கலை சார்" என்றார்.

"தூங்கினாத்தான் என்ன?" என்றார் நலியான்யா, அன்பாக. "பசுமைவெளி எதுக்கு இருக்கு? மனுஷன் நிம்மதியாப் படுக்கத்தானே. நீங்கதானே பயனாளர்?"

"ஆமாங்க ஐயா."

"இதுதானே அந்த இடம்?"

கிடேமா எழுந்து நின்றார். சாலைக்கு அப்பால் வீட்டு வரிசையின் முதுகு தெரிந்தது. அதன் நடுவில் பெரிஸின் அம்மா படுத்திருக்கும் அறையின் சிறு சன்னல். அங்கிருந்து சனங்கள், கார்கள் நின்ற சத்தம் கேட்டு, சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். பெரிஸும் வந்தாள். கிடேமா அவளைப் பார்த்தார். தூங்கவில்லை என்பதைத் தவிர வேறு பொய்யை அதிகாரிகளிடம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"இதேதான்ங்க ஐயா" என்றார்.

லாரியில் இருந்து கல்வெட்டை இறக்கினார்கள். டயரின் மேல் சாய்த்து வைத்துத் திரையை விலக்கினார்கள். ஒலிபெருக்கி வந்தது. நலியான்யா பேசத் தொடங்கினார்.

"அன்பு மக்களே, இந்த இடத்தைக் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம்னு என் அதிகாரிங்க சொன்னாங்க. நான் வந்த உடனே கண்டுபிடிச்சிட்டேன். ஒரு தலைவனுக்கும் அதிகாரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இது மறைஞ்சு கிடக்கு, சுத்தி இருக்கிற வீடுகளை இடிக்கணும்னும் சொன்னாங்க. எங்க மறைஞ்சிருக்கு? நாலு சாலையிலேர்ந்தும் தெரியுதே. இடிக்கிறதுக்கு இங்க என்ன இருக்கு? ஆகையால அந்தத் திட்டத்தை நான் ரத்து செய்யறேன். கேளுங்க, இந்த அமைதியைக் கேளுங்க." மட்டாட்டுகளின் ஹாரன் சத்தத்தில் அடுத்த சில வாக்கியங்கள் கேட்கவில்லை. "பறவைங்க பாடுது" என்று முடித்தார்.

பெரிஸ்தான் முதலில் கைதட்டினாள். பிறகு நாங்கள் எல்லோரும் தட்டினோம். மகிழ வேண்டும் என்று சொல்லியிருந்ததற்கு மேலேயே மகிழ்ந்தோம்.

அந்த நேரத்தில் ஒகும்பே மூச்சிரைக்க ஓடிவந்து நலியான்யாவின் காதருகே குனிந்தார். ஒலிபெருக்கியை யாரும் அணைக்காததால் நால்வழிச் சாலைக்கும் கேட்டது.

"ஐயா, இடம் இது இல்லீங்க. உள்ள இருக்கு. பந்தல் போட்டிருக்கு."

"ஒகும்பே, நான் திறந்து வச்சாச்சு."

"மரம் அங்க இருக்குங்கய்யா."

"மரத்தை இங்க ஒண்ணு வச்சுக்கங்க. நான் தப்பான இடத்தைத் திறந்தேன்னு சொல்றீங்களா?"

ஒகும்பே ரவுண்டானாவைச் சுற்றிப் பார்த்தார். கற்றாழையைப் பார்த்தார். கல்வெட்டில் பொன்னெழுத்தில் மாண்புமிகுவின் பெயரைப் பார்த்தார். "இல்லீங்கய்யா. பந்தல்தான் தப்பான இடத்துல போட்டிருக்கு" என்றார்.

மறுநாள் ஆட்கள் வந்து கம்பிவேலியைப் பிரித்தார்கள். பலகையும் வாசலும் பூட்டும் ரவுண்டானாவுக்குப் போயின. ஒரே பசுமைவெளி இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால் எங்களுடையது இனி இல்லை என்று ஒகும்பே விளக்கினார். சொல்லும்போது அத்திமர நிழலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இந்த இடம் இப்ப எங்க கணக்குல கிடையாது. இருக்கிற மாதிரி யாரும் நடந்துக்கக்கூடாது."

"சரி சார்" என்றாள் பெரிஸ். "இல்லாத மாதிரியே உக்காந்துக்கறோம்."

அவர் சந்தின் வழியாக ஒருக்களித்துப் போனதும் அவள் பால் டீயும் சுடச்சுட மந்தாசிப் பணியாரமும் கொண்டுவந்து கிடேமாவின் முன்னால் வைத்தாள்.

"உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு நெனச்சேன், மூமோ அப்பா."

"வரலை. பாதித் தூக்கத்துல இருந்தேன்."

"அம்மா உன்னைப் பாக்கணும்னு சொல்றா. பாதித் தூக்கத்துலயே வா, போதும்."

ரவுண்டானாவுக்கு இப்போது வேலி இருக்கிறது, ஒரு பெஞ்சு இருக்கிறது, குச்சி போன்ற ஒரு மரக்கன்று இருக்கிறது. மட்டாட்டு நடத்துநர்கள் அந்த நிறுத்தத்தைப் 'பசுமை' என்று கூவுகிறார்கள். உள்ளே போக மட்டும் யாரும் வருவதில்லை. சாலையை உயிரோடு கடக்கிறவன் வீட்டுக்குப் போகவே விரும்புவான்.

ஒரு சாயங்காலம் கிடேமா வேலைக்குப் போகிற வழியில் சைலஸ் வேலிக்குள் இருந்து கூப்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, உள்ள வாங்களேன். இந்த மாசத்துல யாருமே வரல. ஒருத்தரும் வரலைன்னா காவல் எதுக்குன்னு கேக்கறாங்க."

"என்னய்யா, முகமெல்லாம் வீங்கியிருக்கு?"

"சம்சாரம் வந்திருக்கா, ரெண்டு கைக்குழந்தைங்க. செலவு கட்டுப்படியாகல. ராத்திரிக்கு வேற ஒரு இடத்துலயும் காவலுக்குப் போறேன். தூங்கி நாளாச்சு அண்ணே."

கிடேமாவுக்கு வேலை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. வேலிக்குள் போய் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். நான்கு பக்கமும் புகை.

"தடியை இங்க குடு. தொப்பியையும் குடு. படு."

"அண்ணே, யாராவது பாத்துட்டா?"

"நான் பாத்துக்கறேன். எனக்கு அந்த வேலைதானே."

சைலஸ் படுத்த வேகத்திலேயே தூங்கிவிட்டார். கிடேமா தொப்பியை வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். நெரிசலில் ஒரு கார் நகராமல் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டி வந்தவர் பொறுமையிழந்து ஓரங்கட்டிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியபடி வேலியருகே வந்தார். பலகையைப் படித்தார்.

"உள்ள போய்க் கொஞ்சம் உக்காரலாமா?"

"தாராளமா வாங்க" என்று கதவைத் திறந்தார் கிடேமா. "சத்தம் போடாம வாங்க. ஆள் தூங்கறார்."